பதிவில் இல்லை

தலையை ஆட்டினால் மைக்கில் விழாது என்று
முதலிலேயே சொல்லியிருந்தேன்.
"வாயைத் திறந்து சொல்லுங்க.
ஆமாவா, இல்லையா?"
ஊர்க்காவலன் மறுபடியும் தலையைத்தான் ஆட்டினார்,
காற்றில் முருங்கைக்காய் ஆடுகிற மாதிரி
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.

அதிகாரி புவான் ரொஹைடா
பேனாவை எடுத்தார், வைத்தார், என்னைப் பார்த்தார்.
அந்த ஆட்டம் சரி என்றும் சொல்லும்,
காதில் விழுந்தது என்றும் சொல்லும்,
பெரியவர்கள் பார்த்துச் செய்தால் போதும் என்றும்,
சில நாள்,
இதோடு விட்டுவிடுங்களேன் என்றும்.
பதினாறு வருடமாக மொழிபெயர்க்கிறேன்.
"பதில் வார்த்தையாக வரவில்லை, புவான்" என்றேன்.

ஜோர்ஜ்டவுன் தொழிலாளர் அலுவலகம், மூன்றாம் மாடி.
பதினொரு மாதச் சம்பளம் வரவில்லை என்று வழக்கு.
ரொட்டி சானாய்க் கல்லின் முன்னால்
விடியற்காலை நான்கு மணிக்கு நின்ற
பதினொரு மாதம்.
எதிர் மேசையில் கடை முதலாளி தெய்வீகன்.
முறைக்கவில்லை, கை கட்டவில்லை.
கார் சாவியை மேசைமேல் வைத்திருந்தார்,
ஒருமுறை தொண்டையைச் செருமினார்,
அவ்வளவுதான்.

ஊர்க்காவலனின் வலது கை இடுப்புக்கு இறங்கியது.
எதையோ பிடித்து அவிழ்த்துக் கீழே விட்டது.
அங்கே ஒன்றும் இல்லை.
அறைத் தோழனிடம் இரவல் வாங்கிய
கறுப்புக் கால்சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல்.
மடித்துக் கட்டிய கைலியை
மரியாதைக்கு இறக்கிவிடுகிற கை அது.
கால்சட்டை போட்டிருப்பது
கைக்குத் தெரிந்திருக்கவில்லை.

வாய் சொன்னது:
"முதலாளி நல்லவருங்க. குடுத்துருவாரு."
ஓர் எழுத்துப் பிசகாமல் மலாயில் சொன்னேன்.
காதால் கேட்டதை மட்டும் என்றுதான் சத்தியம்.
கண்ணால் கேட்டது அதில் சேராது.
தொடை அரித்திருக்கவும் கூடும்,
யார் கண்டார்?

புவான் எழுதுவதை நிறுத்தினார்.
"கையால் என்ன செய்தார்?"
"அது வார்த்தை இல்லை, புவான்."
"தெரியும். என்ன செய்தார்?"

எழுந்தேன்.
சேலைக்கு மேல் இல்லாத கைலி ஒன்றை மடித்துக் கட்டி,
யாரோ வருவதுபோல் பார்த்து, இறக்கிவிட்டேன்.
கிளார்க் பையன் சிரிப்பை ஃபைலுக்குள் மறைத்தான்.
"காலையில் வயதான பாக்கார் உட்கார்ந்திருந்தபோது
நீங்கள் முதுகை வளைத்து
வலது கையைத் தாழ நீட்டிக் கடந்து போனீர்கள்.
அதற்கு இது தம்பி முறை."

அவர் சிரிக்கவில்லை.
முதலாளியைப் பின்வரிசை நாற்காலிக்குப் போகச் சொன்னார்,
சாவியோடு.
பிறகு அதே கேள்வி, அதே வார்த்தைகளில்.
ஊர்க்காவலன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்,
தன் இரவல் முழங்காலைப் பார்த்தார்.
"வரலீங்க."
"எத்தனை மாசம்?"
பத்து விரல்களையும் விரித்தார். மடக்கினார். ஒன்றை நீட்டினார்.
"வாயால" என்றேன்.
முதல்முறையாகப் பல் தெரிந்தது.
"பதினொண்ணுங்க."
என் ஆட்டமும் தம்பி முறையும்
பதிவில் இல்லை; பிறகு கேட்டுப் பார்த்தேன்.
நாற்காலி நகர்ந்த சத்தம் மட்டும் இருந்தது.

மாலை ஃபெரியில் என் மேலதிகாரியின் அழைப்பு.
சரிங்க சார், சரிங்க சார்,
நாளைக்கே அனுப்பிவிடுகிறேன் சார்.
போனை வைத்த பிறகுதான் பார்த்தேன்,
எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன்.
என் இருக்கையில் ஒரு சீனப் பையன்
பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தான்.
இறங்கப் போகிறேன் என்று நினைத்திருப்பான்.
பட்டர்வொர்த் இன்னும் பாதிக் கடல் தூரம்.
அவன் கண்ணாலேயே கேட்டான், எழவா என்று.

தலையை ஆட்டினேன்,
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.
அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.